இறுதிப்போட்டிக்கு முந்திய கிழமை, பலெர்மோவில்

செப்டெம்பர் மாதம் நான்கு கிழமை சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அங்கே இருக்கும் என் தங்கை தயாவுக்குக் கழுத்தில், தைரோயிட் சுரப்பியில் ஒரு கட்டி. வெட்டி எடுக்க நாள் குறித்துவிட்டார்கள். மகள் பொலோஞ்ஞாவில் படிக்கிறாள், கணவர் றஞ்சன் விடியவே தோட்ட வேலைக்குப் போய்விடுவார். சமைத்துக் கொடுக்கவும் பக்கத்தில் இருக்கவும் ஓர் ஆள் வேண்டும். யூன் மாதமே மெல்பேர்ணில் விடுமுறை எழுதிக் கொடுத்து ரிக்கெற் எடுத்துவிட்டேன்.

எடுத்தபோது செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை என்ன நாள் என்று யோசிக்கவேயில்லை. அவுஸ்திரேலியக் காற்பந்து பார்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: அன்றுதான் இறுதிப்போட்டி. அந்தக் கிழமை மெல்பேர்ண் வேறு எதையும் கதைக்காது. நான் அங்கே போன புதிதில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தேன். திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் எல்லோரும் ஆட்டத்தைப் பற்றிக் கதைப்பார்கள், நான் பிஸ்கற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கதையில் சேரவேண்டும் என்றுதான் பார்க்கத் தொடங்கினேன். பதினெட்டு வருடமாகிவிட்டது. என்ன அணி என்று எழுதமாட்டேன், எழுதினால் வாசிப்பவர்களில் பாதிப்பேர் சண்டைக்கு வருவீர்கள். இந்தப் பதினெட்டு வருடத்தில் எங்கள் அணி ஒருமுறைகூட இறுதிப்போட்டிக்குப் போகவில்லை. யூனில் பட்டியலில் பதினோராவதாக நின்றார்கள். அதனால் எனக்குக் கவலையே இருக்கவில்லை.

மெல்பேர்ணிலிருந்து டோஹா பதினாலு மணி நேரம், அங்கிருந்து ரோம் ஆறு மணி, ரோமிலிருந்து பலெர்மோ ஒரு மணியும் பத்து நிமிடமும். போய்வர 2,140 டொலர். பலெர்மோ விமான நிலையம் நகரத்திலிருந்து 35 கிலோமீற்றர். பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. நான் ரயிலில் போனேன், 6 யூரோ 80 சதம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. வலது பக்கம் இருந்தால் மலை, இடது பக்கம் இருந்தால் கடல். நான் இரண்டையும் பார்க்கவில்லை, நித்திரையாகிவிட்டேன்.

தயாவின் வீடு பழைய நகரத்தில், கபோ சந்தையிலிருந்து இரண்டு நிமிட நடை. மூன்றாம் மாடி, லிஃப்ற் இல்லை. சத்திர சிகிச்சை நல்லபடி முடிந்தது. இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வெட்டிய கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வாருங்கள், என்ன கட்டி என்று அன்றைக்குச் சொல்லுவோம் என்றார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாட்காட்டியில் றஞ்சன் ஒரு சின்னப் புள்ளி போட்டுவைத்திருந்தார், அவ்வளவுதான்.

இதற்கிடையில், யூலையிலிருந்தே எங்கள் அணி வெல்லத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு போனில் புள்ளிகளைப் பார்ப்பேன். இறுதிப்போட்டிக்கு முந்திய சனிக்கிழமை அரையிறுதியிலும் வென்றார்கள். கத்தி கையில் இருக்க நான் குசினியில் துள்ளியதைத் தயா கட்டிலில் இருந்தபடி கண்டுவிட்டாள்.

"என்ன அக்கா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்கள் இஞ்சை வராட்டி அங்கை நேரிலை பாத்திருப்பியள்."

"ரிக்கெற் கிடைச்சால்தானே. லட்சம் பேர் நிக்கினம்," என்றேன். கிடைத்திருக்கும். பதினெட்டு வருட அங்கத்துவம். அதைச் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே தயா கேள்வி கேட்கத் தொடங்கினாள். பந்து ஏன் முட்டை மாதிரி இருக்கிறது, ஒரு பக்கத்தில் எத்தனை பேர், காலால் அடிப்பதா கையால் எறிவதா. பதினெட்டுப் பேர், காலாலும் அடிக்கலாம், கையில் வைத்துக் குத்தியும் அனுப்பலாம், எறியக் கூடாது என்று விளங்கப்படுத்தினேன். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பம். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையில் அடித்தால் ஆறு புள்ளி. குறி தவறி ஓரத்தால் போனால் ஒரு புள்ளி.

"பிழைச்சாலும் ஒண்டு குடுக்கினமோ?"

"ஓம்."

"நல்ல சனம்," என்றாள்.

நாற்பத்து மூன்று வயதில் இதுவரை ஒரு பந்து விளையாட்டையும் பார்த்திராத என் தங்கை எதற்காக இப்படிக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமையைக் கதைக்காமல் இருக்க அவளுக்குச் சனிக்கிழமை தேவைப்பட்டது. எனக்கும்தான்.

ஆனால் எங்கே பார்ப்பது? மெல்பேர்ணில் பிற்பகல் இரண்டரை என்றால் பலெர்மோவில் காலை ஆறரை. நான் வழமையாகப் பார்க்கும் செயலி வெளிநாட்டில் வேலை செய்யாது. அதற்கென்று இருக்கும் வேறொன்றுக்குக் காசு கட்டலாம், ஆனால் தயாவின் வீட்டுச் சுவர்கள் முக்கால் மீற்றர் தடிப்பு, இணையம் யன்னலடியில் மட்டும்தான் வரும். திங்கட்கிழமை, சுற்றுலாக்காரர் போகும் மதுக்கடையொன்றில் போய்க் கேட்டேன். அங்கே நின்ற பெடியன் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை காலை ஆறரைக்கா? அந்த நேரம் நாங்கள் கதவைப் பூட்டி ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருக்கும்," என்றான்.

செவ்வாய்க்கிழமை தயாவைக் கொஞ்சம் நடக்கக் கூட்டிக்கொண்டு கபோ சந்தைக்குப் போனேன். காயத்தில் வெயில் படக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நான் கொண்டுபோன பெட்டியில் எங்கள் அணி நிறத்தில் ஒரு மெல்லிய கழுத்துத் துணி கிடந்தது, அதையே சுற்றிவிட்டேன். மீன் கடையைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், அசல் மெல்பேர்ண் ஆங்கிலத்தில்:

"உங்கட ஆக்கள் சனிக்கிழமை அழப்போகினம்."

தயா திரும்பி, "நோன் கபீஸ்கோ, சிஞ்ஞோரா," என்றாள். விளங்கவில்லை அம்மா என்று அர்த்தம். எனக்கு விளங்கியது. கையில் கத்தரிக்காய்ப் பையோடு நின்ற அந்தப் பெண்ணுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும்.

"அழுகிறது ஆர் எண்டு பாப்பம்," என்றேன் நான், ஆங்கிலத்தில்.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்தார். பெயர் ரோசா. நான்கு வயதில் தாய் தகப்பனோடு மெல்பேர்ணுக்குக் கப்பலேறியவர். ஐம்பது வருடம் அங்கேயே இருந்து, கணவரோடு பெற்றோரின் ஊரான பகேரியாவுக்குத் திரும்பி வந்தவர். அவருடைய அணியும் இறுதிப்போட்டிக்கு வந்திருந்தது, எங்களுக்கு எதிராக.

"என்ர மனுசன் உங்கட அணி," என்றார். "நாப்பது வருசம் ஒரே சோபாவிலை இருந்து சண்டை பிடிச்சனாங்கள். அவர் போய் ரெண்டு வருசம். இந்தக் கிழமை முழுக்க யோசிச்சுக்கொண்டு இருக்கிறன், நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது? சனிக்கிழமை வாங்கோ. பெரிய ரீவி இருக்கு, ஆட்டம் காட்டுறதுக்குக் காசும் கட்டி வைச்சிருக்கிறன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

தயாவின் கழுத்தைப் பார்த்தார். துணிக்கு மேலாகப் பிளாஸ்ரரின் ஓரம் தெரிந்திருக்க வேண்டும். இத்தாலிய மொழியில் அவளிடம் மெதுவாக என்னவோ கேட்டார், தயாவும் மெதுவாகப் பதில் சொன்னாள். பிறகு பையிலிருந்து இரண்டு கத்தரிக்காயை எடுத்துக் கையில் வைத்தார்.

வியாழக்கிழமை சியாகுல்லிக்குப் போனோம். நகரத்தின் ஓரத்தில் மண்டரின் தோடம்பழத் தோட்டங்கள் உள்ள இடம், றஞ்சன் வேலை செய்வது அங்கேதான். பஸ் ரிக்கெற் 1 யூரோ 40, நாற்பது நிமிடம். சியாகுல்லி மண்டரின் மற்ற இடத்துப் பழங்கள் முடிந்த பிறகு, தை மாசியில்தான் பழுக்கும். நாங்கள் போன நேரம் காய்கள் எல்லாம் பச்சை. அதைப் பார்க்கவென்று யாரும் பஸ் ஏறத் தேவையில்லை. ஆனால் நிழலும் தண்ணீர் ஓடும் சத்தமும் இருந்தன. தயா ஒரு மரத்தடியில் இருந்தாள். றஞ்சன் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். அதிகம் கதைக்கிற மனிதரில்லை.

"அக்கா, அவ ஒரு மாசமா நித்திரை கொள்ளுறேல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறா, நித்திரை இல்லை. எனக்குத் தெரியும் எண்டு அவவுக்குத் தெரியாது."

"நீங்களும் கொள்ளுறேல்லைத்தானே?"

"நான் ஆம்பிளை, சமாளிப்பன்," என்று சொல்லிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் குழாயைப் பூட்டப் போனார்.

வரும் பஸ்ஸில் நான் தயாவிடம் மெதுவாகச் சொன்னேன், சனிக்கிழமை பகேரியாவுக்குப் போவதை வெள்ளிக்கிழமை பார்த்துத் தீர்மானிப்போம் என்று. அவள் யன்னலை விட்டுத் திரும்பினாள்.

"இல்லை. வெள்ளிக்கிழமை அவங்கள் என்ன சொன்னாலும் சனிக்கிழமை நாங்கள் போறம். அந்த மனுசி பாத்துக்கொண்டிருக்கும். சொல்லுங்கோ, போறம் எண்டு."

"போறம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே ஆஸ்பத்திரியில் நின்றோம். றஞ்சன் கல்யாணத்துக்குப் போடும் சேர்ட் போட்டிருந்தார். பதினொன்று இருபதுக்குக் கூப்பிட்டார்கள். வைத்தியர் இளம் பெண். கதிரையைத் தயாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்துகொண்டு கதைத்தார். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. நான் றஞ்சனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் இறுக்கி வைத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

புற்றுநோய்தான். ஆனால் ஆறு மில்லிமீற்றர், சுரப்பிக்குள்ளேயே இருந்திருக்கிறது, முழுதாக எடுத்துவிட்டார்கள். இனி வேறு சிகிச்சை தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், குளிசை போட வேண்டும், அவ்வளவுதான். இதைத் தயா வெளியில் வந்து, படிக்கட்டில் இருந்து எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு, "நாளைக்கு எத்தினை மணிக்கு ரெயின்?" என்று கேட்டாள்.

ரயில் 5.38க்கு. பலெர்மோ மத்திய நிலையத்திலிருந்து பகேரியா பதினாலு கிலோமீற்றர், கால் மணித்தியாலம், ஒருவருக்கு 2 யூரோ 80. இன்னும் இருட்டு விலகவில்லை. பெட்டியில் எங்களைத் தவிர ஐந்தாறு பேர், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். றஞ்சனும் வந்தார், ஒருநாள் விடுமுறை எடுத்திருந்தார். நிலையத்தில் ரோசா தன் அணியின் தொப்பியோடு நின்றார். தயாவின் முகத்தைப் பார்த்தார், தயா பயமில்லை என்று தலையை ஆட்டினாள். ரோசா அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இனி நான் இரக்கம் பாக்கத் தேவையில்லை," என்றார்.

வீட்டில் ரோசாவின் இறைச்சிப் பாணும் நான் கொண்டுபோன ரோல்ஸும் மேசையில் இருந்தன. ஆறு இருபதுக்கு மைதானத்தைக் காட்டினார்கள். லட்சம் பேர். அங்கே நல்ல வெயில். நான் வருடா வருடம் இருக்கும் பக்கத்தைத் தேடினேன், தெரியவில்லை. நடுவர் பந்தை நிலத்தில் குத்தி எழுப்பி ஆட்டத்தைத் தொடக்கினார். ரோசா கணவர் இருந்த பக்கத்தில் என்னை இருத்தியிருந்தார்.

முதல் பாதி முழுக்க நாங்கள் இருவரும் கத்தினோம். தயா ஒரு புள்ளிக்கெல்லாம் கை தட்டினாள், எந்த அணி என்று பாராமல். இடைவேளையில் ரோசாவின் அணி எங்களை விடப் பதினொரு புள்ளி மேலே. மூன்றாம் கால்பகுதியில் எங்கள் ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஒரு கோல் விழுந்தது, நான் எழும்பினேன், ரோசா என் கையைப் பிடித்து இழுத்தார்.

தயா மற்றச் சோபாவில், றஞ்சனின் தோளில் சாய்ந்து நித்திரையாகியிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. றஞ்சன் அசையாமல் இருந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த நித்திரை என்று நான் ரோசாவின் காதுக்குள் சொன்னேன்.

ரோசா ரிமோட்டை எடுத்து ரீவியின் சத்தத்தை முழுதாக நிறுத்தினார்.

கடைசிக் கால்பகுதியை அப்படித்தான் பார்த்தோம். பதினெட்டு வருடம் நான் காத்திருந்த முப்பது நிமிடம், ஒரு சத்தமும் இல்லாமல். எங்கள் அணி முன்னுக்குப் போனது, ரோசாவின் அணி பிடித்தது, மறுபடி நாங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் என் கையை நெரித்தார், நான் அவர் கையை நெரித்தேன். நான்கு புள்ளியால் நாங்கள் வென்றோம். மைதானம் முழுக்க வாய்கள் திறந்திருந்தன. நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன். ரோசா என் நெற்றியில் கொஞ்சிவிட்டு, நுனிக்காலில் நடந்து கோப்பி போடப் போனார்.

தயா பதினொரு மணிக்கு எழும்பி, "ஆர் வெண்டது?" என்று கேட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். செப்டெம்பர் கடைசியிலும் பலெர்மோவில் மத்தியானம் முப்பது பாகை வரை போகும், தொப்பி கொண்டுபோங்கள். கபோ சந்தைக்குக் காலை ஒன்பதுக்கு முன் போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு நல்ல மீன் இராது. சியாகுல்லிக்குப் பழம் தின்னப் போவதென்றால் தை மாசியில் போங்கள். பகேரியாவில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பழைய மாளிகைகள் உண்டு, நான் வெளியிலிருந்துதான் பார்த்தேன். ரயில் நேரங்களை முதல்நாளே சரிபாருங்கள், சனி ஞாயிறில் மாறும். வெளிநாட்டில் ஓர் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் அணியின் நிறத்தில் எதையாவது போட்டுக்கொண்டு சந்தைக்குப் போங்கள். எதிர் அணிக்காரர் யாராவது கூப்பிடாமல் விடமாட்டார்கள்.

மெல்பேர்ணுக்கு வந்து மூன்று கிழமை. அந்தக் கடைசிக் கால்பகுதியைச் சத்தத்தோடு பார்த்தாயா என்று வேலையிடத்தில் கேட்கிறார்கள். வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினாராம். எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. என் தங்கை மூச்சுவிடும் சத்தத்தோடு அதை ஒருமுறை பார்த்துவிட்டேன், அது போதும்.