மெஷினுக்குப் பின்னால் ஒரு கொடி

ஈரக் காலுறைகளை உதறி, கணக்கு மெஷினின் முதுகுப் பக்கம் கட்டிய கொடியில் போட்டுவிட்டுத்தான் நாடா அக்கா தன் நாற்காலிக்கு வருவாள். மழைக்காலம் முழுக்க இதுதான் வழக்கம். வீட்டில் இரட்டைப் பெண் குழந்தைகள். துவைத்தது எதுவும் காய்வதில்லை. இங்கேயோ அறையை அடைத்து நிற்கும் இரும்பு அலமாரிகளுக்குள் பல்பு மாதிரி ஆயிரக்கணக்கான கண்ணாடி வால்வுகள் சிவந்து எரிகின்றன. அந்தச் சூட்டை வெளியே தள்ளும் விசிறிக்கு எதிரே ஒரு கவுனைத் தொங்கவிட்டால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் மொறமொறவென்று ஆகிவிடும்.

"சும்மா போற சூடுதானே. பிள்ளைங்களுக்காவது ஆகட்டும்" என்பாள்.

பேரைக் கேட்டு ரிப்பன் விற்கிறவள் என்று நினைத்தவர்களும் உண்டு. அவள் வேலை காகித நாடாவில் துளை போடுவது. நிபுணர்கள் எழுதித் தரும் எண்களைத் துளைகளாக்கி மெஷினுக்கு ஊட்டுவாள். மெஷின் அதை விழுங்கி, மறுபக்கம் விடையை அச்சடித்துத் துப்பும். விரல் துளை போடும் கட்டைகளில் ஓட, வாய் மெஷினோடு பேசிக்கொண்டிருக்கும். "என்னம்மா, இன்னைக்கு முரண்டு பிடிக்கிறே? நேத்து நல்லாத்தானே இருந்தே." கணக்கு பாதியில் நின்றால் எல்லோரும் தலையில் கை வைப்பார்கள்; இவள், "மூச்சு வாங்குது, விடுங்க" என்று ஒரு பெப்பர்மிண்ட்டை வாயில் போட்டுக்கொள்வாள்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அவருக்கு மெஷின் மேல் கொஞ்சம் பொறாமை.

"கூட்டல் கழித்தலுக்கா அவ்ளோ பெரிய மெஷின்?"

"உங்க பஸ்ஸும்தான் அவ்ளோ பெரிசு. முன்னாடி போறதையும் பின்னாடி வர்றதையும் தவிர அதுக்கு என்ன தெரியும்?"

மெஷினுக்குப் பொறுப்பான எஞ்சினியருக்குத்தான் அந்தக் கொடி தொண்டையில் சிக்கிய முள். "யாராவது பார்த்தா என் மானம் போயிடும் அக்கா" என்பார். "வர்றதுக்கு முன்னாடி எடுத்துடறேன் சார்" என்பாள் இவள்.

போன வாரம் எடுக்க நேரமில்லை. மெஷினை வைத்திருப்பதா, கழற்றிப் போடுவதா என்று முடிவு செய்யும் குழு மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டு, காலையிலேயே வந்து நின்றது. தலைவி ஒரு மூத்த அம்மாள். கையில் சொட்டச் சொட்ட மழைக்கோட்டு. எல்லோரும் முன்னால் மினுக்கும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் நேரே பின்பக்கம் போனார்.

"இதெல்லாம் என்ன?"

நாடா அக்கா எழுந்தாள்.

"என் பிள்ளைங்களோட துணிங்க மேடம். இந்த மெஷின் ஒரு நாள்கூடப் பழுதாகாம செய்யற வேலை இது ஒண்ணுதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப மத்த வேலையெல்லாம்?" அம்மாள் எஞ்சினியரிடம் திரும்பினார்.

அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு எங்கோ போய்விட்டது. "தினமும் ஏதாவது ஒரு வால்வு போயிடுதுங்க. மாத்திட்டு ஓட்டுவோம். ஆனா ஓடும்போது, மாசக்கணக்கான வேலையைக் காலைக்குள்ள முடிச்சிடும்."

"ஓட்டிக் காட்டுங்க."

அம்மாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஓர் அணையின் நீர்மட்டக் கணக்கு. அந்த மாதிரிக் கணக்கைப் போடும் முறையைக் குத்திய நாடா ஏற்கெனவே இருந்தது. எண்களை மட்டும் குத்த வேண்டும். நாடா அக்கா உட்கார்ந்தாள். வாய் ஓய்ந்திருந்தது. ஒரு துளை மாறினால் மெஷினும் போச்சு, வேலையும் போச்சு. பாதியில் ஒரு கட்டை பிசகியது. நிறுத்தி, தப்பான துளை மேல் துண்டுக் காகிதம் ஒட்டி, மறுபடி குத்தினாள். அவசரப்படவில்லை.

மெஷின் உறுமியது. சற்று நேரத்தில் அச்சு இயந்திரம் தடதடத்தது. அம்மாள் மடித்து வைத்திருந்த இன்னொரு தாளைப் பிரித்து வரிவரியாக ஒப்பிட்டார்.

"இதை எங்க ஆபீஸ்ல மூணு பேர் ஒரு மழைக்காலம் பூரா உக்காந்து போட்டாங்க" என்றார். "சரியா இருக்கு. அடுத்த வருஷமும் ஓடட்டும்." பிறகு கொடியைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு வேலையும் நடக்கட்டும்."

எஞ்சினியர் பொத்தென்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெளியே மழை விடவில்லை. அம்மாள் நனைந்த கோட்டைத் தோளில் போடப் போனார். நாடா அக்கா ஒன்றும் கேட்காமல் அதை வாங்கி ஓர் உதறு உதறினாள். இரண்டு சின்ன கவுன்களைத் தள்ளி இடம் பண்ணி, நடுவில் விரித்துப் போட்டாள்.