ஆறு பேருக்கும் ஒரு பசுவுக்கும் ஒரு வண்டி

2024 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. கொல்லிமலை இருக்க வேண்டிய திசையில் மலை இல்லை, வெறும் வெள்ளைதான் இருந்தது. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையோரத்தில் எங்கள் வீடு. கார் கம்பெனி விற்பனையாளர், நாங்கள் ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரு புது வெள்ளை வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் ஆறரை மணியிலிருந்து இஞ்ச் டேப்போடு காத்திருந்தேன்.

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவன் நான். எதையும் எண்ணால் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். அந்த வண்டியை ஏற்கனவே காகிதத்தில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்திருந்தேன். ஏழு பேர் உட்காரலாம். எங்கள் வீட்டில் நான், மனைவி, மகன், மருமகள், பேத்திகள் இருவர் என ஆறு பேர். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர். தரையிலிருந்து கதவுப் படி எவ்வளவு உயரம் என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. என் மனைவிக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. பதினான்கு அங்குலத்துக்கு மேல் கால் தூக்க முடியாது. அளந்தேன். பதின்மூன்றரை. நிம்மதியாக இருந்தது.

"ஏனுங்க, எம்பட மாமியா என்னை இப்பிடி டேப் வெச்சு அளந்திருந்தா, நான் இந்த ஊட்டுக்கே வந்திருக்க மாட்டேன்" என்றாள் மனைவி, படியில் ஏறி உட்கார்ந்துகொண்டே.

முன்பதிவுக்கு ஐயாயிரம் ரூபாயும் கட்டிவிட்டிருந்தேன். மீதி இருந்தது ஒரே ஒரு விஷயம். வண்டி இழுக்க வேண்டும்.

இழுக்க வேண்டியது ஒரு பசுவை. மகனுக்கு போர்வெல் ரிக் வண்டியில் வேலை. வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது துளை போட்டுக்கொண்டிருப்பான். வீட்டில் பால் மாடுகளை வைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள் மருமகள். ஐந்து மாடுகள் இருந்தன. போன ஐப்பசியில் அவற்றில் மூத்த பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரி பத்தொன்பது கிலோமீட்டர்தான். மினி லாரிக்காக ஏழு பேருக்கு போன் செய்தோம். எட்டாவது ஆள் வருகிறேன் என்று சொல்லி, வந்து சேர மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் கட்டுத்தரையிலேயே பசு போய்விட்டது. மருமகள் அன்று அழவில்லை. வந்த மினி லாரிக்கு வாடகையை எண்ணிக் கொடுத்து அனுப்பினாள்.

செத்த பசுவின் மகள் ஒரு செவலை. தலைச்சன் சினை, பிப்ரவரியில் ஏழு மாதம். இடுப்பு குறுகல், பிரசவ நேரத்தில் எதற்கும் தயாராக இருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மருமகள் உடனே நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில், ஒரு மாடு நிற்கும் அளவுக்குச் சிறிய ட்ரெய்லருக்குச் சொல்லிவிட்டாள். தொண்ணூற்று இரண்டாயிரம். அதை இழுக்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பங்குனிக்குள் வேண்டும்.

"மாமா, ஓட்டிப் பாக்கறது எங்கியோ சும்மா ஓட்டறதுக்கு, பட்டறை வரைக்கும் போய்ட்டு வந்துரலாமுங்க" என்றாள் மருமகள். அவள்தான் ஓட்டினாள். விற்பனையாளர் முன்னால் உட்கார்ந்து வண்டியின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். இழுக்குமா என்று நான் கேட்டேன்.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க சார்" என்றார். பொய் சொல்லவில்லை.

பட்டறை மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும் மூன்று லாரிகள் எலும்புக்கூடாக நின்றுகொண்டிருந்தன. அவர் வண்டியைச் சுற்றி வரவில்லை, கதவைத் திறக்கவில்லை. ஒரு சாக்கை விரித்துப் போட்டு நேராக அடியில் படுத்துவிட்டார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இரண்டு நிமிடம் கழித்துக் குரல் வந்தது.

"ஏனுங்க, இதுல நான் எங்கீங்க கொக்கி மாட்டறது?"

"சேஸ்லதான்" என்றேன்.

"வந்து பாருங்க. இருந்தாக் காட்டுங்க."

எழுபத்தோரு வயதில் நானும் சாக்கில் படுத்தேன். லாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இருக்கும் எண்ணம்தான் எனக்கும். எந்த வண்டியாக இருந்தாலும் அடியில் இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் ஓடும், அதன்மேல் பாடி உட்காரும் என்று நினைத்திருந்தேன். இருக்கை, லிட்டர், அங்குலம் எல்லாவற்றையும் எண்ணியவன் அந்தச் சட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. அங்கே வளைந்த தகடுதான் இருந்தது.

"இது முட்டை மாதிரிங்க" என்றார் மேஸ்திரி, என் பக்கத்தில் படுத்தபடியே. "ஓடுதான் ஒடம்பு. நல்ல வண்டிதானுங்க, மைலேஜ் குடுக்கும், குலுங்காது. ஆனா முட்டையில கொக்கி மாட்டி எருமை கட்டுவாங்களா?"

"எருமை இல்லீங்க, பசு" என்றாள் மருமகள், வெளியே நின்று.

"பசுன்னா இன்னும் மோசம். அது சும்மா நிக்காது. மூட்டை முடிச்சு இழுக்கறதுன்னா ஒரு கொக்கி வெச்சுத் தாரேன். உசுர ஏத்தி இழுக்கறதுக்கு நான் மாட்ட மாட்டனுங்க."

"கூலி சேத்தித் தாரோம்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"சார், நான் கட்டின வண்டி காஷ்மீர் வரைக்கும் போகுது. ஒண்ணு கழண்டு உழுந்துதுன்னு இதுவரைக்கும் ஒரு போன் வந்ததில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து, சாக்கை உதறி, அடுத்த லாரிக்குப் போய்விட்டார். பதினோராயிரம் ரூபாய் வேலையை அவர் அப்படி விட்டார். அந்த வண்டி வேண்டாம் என்று விற்பனையாளரிடம் அங்கேயே சொல்லிவிட்டோம். ஐயாயிரம் திரும்பி வராது என்று ரசீதின் கீழே சிறிய எழுத்தில் இருப்பதை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். நான் ரசீது படிக்காமல் கையெழுத்துப் போட்டது அந்த ஒருமுறைதான்.

அதன்பின் தேர்ந்தெடுத்தவள் மருமகள். நான் கூடப் போனேன், அவ்வளவுதான். பழைய வண்டிகளாக ஐந்து பார்த்தோம். ஓமலூரில் ஒன்று, சேலத்தில் இரண்டு, அயோத்தியாப்பட்டணத்தில் ஒன்று, திருச்செங்கோட்டில் ஒன்று. அவள் முதலில் அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். ஒரு சின்னச் சுத்தியால் சட்டத்தின் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போவாள். துரு தின்ற இடத்தில் சத்தம் மாறும். பிறகு எல்லோரையும் ஏற்றி மேட்டில் நிறுத்திக் கிளம்பச் சொல்வாள், கிளட்ச் வாடை வருகிறதா என்று மூக்கை வெளியே நீட்டுவாள். நான் மீட்டர் பெட்டியைப் பார்த்ததுபோல, ஆனால் என்னைவிடப் பொறுமையாகப் பார்த்தாள்.

சேலத்தில் ஒரு தரகர் அவளைப் பார்த்து, "மேடம், கலர் புடிச்சிருக்குதான்னு பாருங்க, மத்ததெல்லாம் சார் பாத்துக்குவாரு" என்றார்.

"கலரை அவுரு பாத்துக்குவாருங்க. அவுருக்கு அதுதான் வரும்" என்றாள் அவள், சுத்தியை நிறுத்தாமல். தரகர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.

ஐந்தாவது வண்டி திருச்செங்கோட்டில் ஒரு ரிக் முதலாளி வைத்திருந்தது. எட்டு இருக்கை, டீசல், அடியில் முழு நீளத்துக்கும் சட்டம். ஓடியது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர். விலை ஆறு லட்சத்து நாற்பதாயிரம். லிட்டருக்குப் பதின்மூன்றுதான் தரும் என்றார் அவர். இருபது எங்கே, பதின்மூன்று எங்கே! வீடு திரும்பும் வரை புலம்பினேன்.

"மாமா, இழுத்தா பத்துதான் வரும்ன்னு வெச்சுக்குங்க" என்றாள் மருமகள். "நாமக்கல் போய்ட்டு வர முப்பத்தெட்டு கிலோமீட்டர். நாலு லிட்டருக்கு உள்ள. அந்த வெள்ளை வண்டி வாங்கியிருந்தா, மாட்டுக்கு மினி லாரி புடிக்கோணும். அது அங்கிருந்து சும்மா வந்து, மாட்ட ஏத்திப் போயி, கொண்டாந்து உட்டுட்டு, சும்மா திரும்பிப் போகோணும். எழுபத்தாறு கிலோமீட்டர். பின்னாடியே நம்ம கார் வேற. மைலேஜ் வண்டிக்குப் போடாதீங்க மாமா, தலைக்குப் போடுங்க. மாட்டையும் ஒரு தலைன்னு சேத்துக்குங்க."

அன்று மாலை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மினி லாரிக்குப் பதினைந்து என்று தாராளமாக வைத்தாலும், வெள்ளை வண்டி வழியில் ஏழு லிட்டர். இவள் வழியில் மூன்று புள்ளி எட்டு. எண்களை வாழ்நாள் முழுதும் எழுதியவன் நான், அவற்றைச் சரியான இடத்தில் வைத்தவள் அவள். வாங்கினோம்.

படி உயரம்தான் தொல்லை. பத்தொன்பது அங்குலம். மனைவி ஒரு காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "லாரி டிரைவர் வேலைக்கா என்னைச் சேத்தறீங்க?" என்றாள். மேஸ்திரி இந்தமுறை அடியில் படுத்து எழுந்தபோது முகம் மலர்ந்திருந்தது. இரண்டு சட்டத்தையும் பிடித்துக் கொக்கியை வைத்தார். கேட்காமலே கதவுக்குக் கீழே ஒரு மடக்குப் படி செய்து கொடுத்தார். அளந்தேன். ஒன்பதரை, ஒன்பதரை. இரண்டு சம பங்கு. "அம்மா ஏறுறப்ப புடிச்சுக்க ஒரு கம்பியும் வெச்சிருக்கறனுங்க, அதுக்குக் காசில்ல" என்றார். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு எண், இன்சூரன்ஸ், முதுகில் சிவப்பு விளக்கு எல்லாம் முடியாமல் ரோட்டில் இறக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்குப் பதினாறு நாள் அலைந்தேன். அந்த அலைச்சல் மட்டும் முழுக்க என்னுடையது.

இழுத்துக்கொண்டு முன்னால் போவது எளிது. பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் இடது பக்கம் ஓடும். கடலை பிடுங்கிய காட்டில் நான்கு கல்லை நட்டு, மருமகள் தினமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து பழகினாள். நான் வரப்பில் குடையோடு உட்கார்ந்து கணக்கு வைத்தேன். முப்பத்தேழு முறை கல் சாய்ந்தது. ஒருமுறைகூட அவள் கதவை அறைந்து சாத்தவில்லை. இறங்குவாள், கல்லை நிமிர்த்துவாள், ஏறுவாள். முப்பத்தெட்டாவது முறை கல் நின்றது. அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் குடையை ஆட்டினேன்.

பங்குனி இருபத்து நான்கு, சனிக்கிழமை, பகல் ஒன்றரை மணி. தார் ரோடு உருகும் வெயில். செவலைக்கு வலி எடுத்து இரண்டு மணி நேரமாகியும் கன்றின் ஒரு கால்தான் வெளியே தெரிந்தது. இன்னொன்று உள்ளே மடங்கியிருந்தது. உள்ளூர் மருத்துவர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு நீட்ட முடியல, நாமக்கல் போயிருங்க" என்றார்.

யாருக்கும் போன் செய்யவில்லை. ட்ரெய்லரில் மணலும் வைக்கோலும் பரப்பிப் பசுவை ஏற்ற ஒன்பது நிமிடம். வீட்டில் இருங்கள் என்றால் கேட்கிற ஆள் என் மனைவி இல்லை. மடக்குப் படியில் ஏறி நடு வரிசையில் உட்கார்ந்து பேத்திகளை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்து கொண்டு, முள் நாற்பதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"மாமா, நீங்க முள்ளைப் பாருங்க, நான் கண்ணாடியில அவளைப் பாத்துக்கறேன்" என்றாள் மருமகள். ஒரே சீராக ஓட்டினாள். வேகத்தடை வருவதற்கு நூறு அடி முன்பே வண்டி தணியும். பசு ஒருமுறைகூட முட்டிபோடவில்லை. முப்பத்து மூன்று நிமிடத்தில் ஆஸ்பத்திரி.

மருத்துவர்கள் மூன்று பேர் நாற்பது நிமிடம் பாடுபட்டார்கள். கன்று உயிரோடு வந்தது. செவலை தலையைத் திருப்பி அதை நக்க ஆரம்பித்ததும் மருமகள் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஐப்பசிக்கும் சேர்த்து அழுதிருப்பாள். மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன கன்னு அம்மிணி?"

"காளைக் கன்னுங்க அத்தை."

"இத்தனை பாடுபட்டு ஒரு கெடேரி போட்டிருக்கக் கூடாதா, கருமம்" என்றாள் மனைவி. இருவரும் அழுகையும் சிரிப்புமாக இருந்தார்கள். பால் மாட்டுக்காரருக்குக் காளைக் கன்றால் லாபம் இல்லை. எங்களுக்கு அன்று அது பெரிதாகப் படவில்லை. தாய் எழுந்து நின்று தண்ணீர் குடித்தது.

மாலையில் திரும்பும்போது கன்றைத் தாயோடு ட்ரெய்லரில் விட்டால் மிதித்துவிடும் என்றார்கள். கடைசி வரிசை இருக்கைகளை மடித்துச் சாக்கு விரித்து வண்டிக்குள்ளேயே படுக்க வைத்தோம். பேத்திகள் திரும்பி மண்டிபோட்டு அதன் காதுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வண்டியில் ஐந்து பேர், ஒரு கன்று, பின்னால் ஒரு பசு. இத்தனையும் ஏறியபிறகும் முழங்கால் நீட்ட இடம் இருந்தது என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன். டீசல் நிரப்பிப் பார்த்தேன், லிட்டருக்குப் பத்து புள்ளி ஆறு. அவள் சொன்னதைவிட அதிகம்.

ராசிபுரம் போகும் ரோட்டில் திரும்பியதும் கன்று இருக்கையோடு சேர்த்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. "ஏனுங்க, இதையும் எழுதிக்குங்க" என்றாள் மனைவி. எழுதினேன். உறை மாற்றியதற்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. வண்டி, ட்ரெய்லர், கொக்கி, பதிவு, பெயர் மாற்றம், திரும்பி வராத ஐயாயிரம், ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் கொடுத்த அறுநூற்று நாற்பது என எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஏழு லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து முப்பது ரூபாய்.