அத்தை நடித்த படம்

சென்ற வருஷம் என் மகள் என்னைச் சென்னையில் ஒரு சின்ன அரங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். "உங்க ஊர்ப் பக்கம் எடுத்த பழைய படமாம்மா. கதையே கிடையாதாம், வந்து பாரேன்" என்றாள். படம் தொடங்கும் முன் ஜிப்பா போட்ட ஒருவர் எழுந்து, மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும் ஒரு கிராமத்தின் மௌனத்தை இதில் நீங்கள் கேட்கலாம் என்றார். மௌனத்தை எப்படியப்பா கேட்பது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். விளக்கை அணைத்தார்கள். திரையில் எங்கள் வாய்க்கால் வந்தது, மதகு வந்தது, அப்புறம் எங்கள் தெருவே வந்தது.

பக்கத்து நாற்காலி அம்மாள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்துக்கொண்டிருந்ததாமே! எங்கள் ஊர் ஒன்றும் சாகவில்லை. வேலைநிறுத்தத்தில் இருந்தது.

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து மதகடியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். வெளியாளுக்குத்தான் அது ஒரே ஊர். எங்களுக்கு ஊர் வேறு, தெரு வேறு. ஊரில் பண்ணை வீடும் கோயிலும் களமும் இருந்தன. தெருவில் நாங்கள் இருந்தோம். ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. உழுகிறவனுக்கே நிலம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள், அதுவும் பண்ணை வீட்டு மதில் சுவரிலேயே. பண்ணை ஐயாவும் வேட்டியின் கரையைக் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கட்டிக்கொண்டார். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலம் மருமகன் பேருக்கும் மைத்துனன் பேருக்கும் போயிற்று. வரப்பு மட்டும் ஒரு சாண்கூட நகரவில்லை.

அந்தத் தை மாதம், கூலி நெல்லில் கலத்துக்கு ஒரு படி கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று தெரு முடிவெடுத்தது. என் அப்பாதான் தெருவுக்குச் சங்கப் பொறுப்பு. கோயிலடியில் எல்லோர் முன்னாலும் நின்று, இந்தத் தெருவிலிருந்து ஒரு கை கூட அரிவாளைத் தொடாது என்று வாக்குக் கொடுத்தது அவர்தான். கதிர் முற்றித் தலை சாய்ந்து, மணி உதிரத் தொடங்கியது. எங்கள் வீட்டில் உலை வைப்பதும் நின்றது. வாய்க்காலில் நண்டு பிடித்தோம், வரப்பில் நத்தை பொறுக்கினோம், முருங்கைக் கீரையை அவித்துத் தின்றோம். ஆனாலும் தெரு ஒற்றுமையாக இருந்தது. இன்னும் நாலைந்து நாள் பொறுத்தால் ஐயா இறங்கி வந்துவிடுவார் என்று அப்பா நம்பினார்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. பண்ணையின் காரியக்காரர், அதாவது ஐயாவுக்குப் பதில் வயலையும் ஆளையும் மேய்க்கிறவர், தெற்கேயிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து பார்த்துவிட்டார். தெருவே மதகில் போய் மறித்து நின்றது. அப்பா லாரியின் பக்கம் போய், "எங்க ஊரு கை வைக்காத வயல்ல நீங்க கை வைக்கலாமாய்யா? நாளைக்கு உங்க ஊருக்கு நாங்க இப்படி வந்து நின்னா?" என்று மட்டும் கேட்டார். லாரியில் இருந்தவர்களும் எங்களைப் போல வயிறு ஒட்டியவர்கள்தான். ஆனால் அறுப்பில் எங்களுக்குள்ள ஒரு வழக்கம் அவர்களுக்கும் உண்டு. ஒரு வயலில் அந்த ஊர்க் கைராசிக்காரி முதல் பிடி அறுத்த பிறகுதான் மற்றவர் இறங்குவார்கள். முதல் பிடி விழாத வயலில் இறங்கினால் குடும்பத்துக்கு ஆகாது. லாரி திரும்பிப் போய்விட்டது.

எங்கள் ஊரில் முதல் பிடி அறுக்கிற கை என் அத்தையுடையது. அப்பாவின் தங்கை. புருஷன் சரியில்லை என்று எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அவள் இறங்கிய வயலில், களத்தில் அளக்கிற கண்டுமுதல் கூடும் என்று ஊரிலும் தெருவிலும் ஒரே பேச்சு. கிழக்கே பார்த்து நின்று ஒரு பிடி அறுப்பாள், சாமிக்கென்று வயல் மூலையில் வைப்பாள், பெண்கள் குலவையிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அறுவடை.

இந்தக் கைராசிக்காரிக்கு ஒரு பைத்தியம் உண்டு. சினிமா. பக்கத்து ஊர்க் கீற்றுக் கொட்டகையில் படம் மாற்றினால் அத்தைக்குக் கால் தரையில் நிற்காது. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் மணலைக் குவித்து உட்கார வைப்பாள். கதாநாயகி செத்தால் நான் ஓவென்று அழுவேன். "அடி அசடே! சினிமாவுல செத்தா சாவா? தாலி கட்டுனா கல்யாணமா? அடுத்த படத்துல வருவா பாரு" என்று மண்டையில் குட்டுவாள்.

அப்படிப்பட்டவள் இருக்கிற தெருவுக்குள்தான் அந்த வேன் வந்தது.

தாடி வைத்த ஒருவரும், கேமராவைத் தூக்கிக்கொண்டு இன்னொருவரும் இறங்கினார்கள். தாடிக்காரர்தான் டைரக்டர். பாட்டு உண்டா என்று அத்தை கேட்டாள். இல்லை என்றார். சண்டை? இல்லை. அழுகைக் காட்சியாவது? அதுவும் இல்லை. "பின்னே என்னா எழவுக்கு சார் படம் எடுக்குறீங்க?" என்று அத்தை கேட்டதும் தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஆனால் தங்கியதும் சாப்பிட்டதும் பண்ணை வீட்டில். ஊரைப் பற்றி அவர் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தச் சாப்பாட்டு இலையில் உட்கார்ந்துதான்.

அவருக்கு எங்கள் தெருவின் அமைதி ரொம்பப் பிடித்துவிட்டது. "யாரும் பேசக் கூடாது, கேமராவைப் பார்க்கக் கூடாது, நீங்க பாட்டுக்கு இருங்க" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். எங்கள் வெறும் அடுப்பை எடுத்தார். ஆளில்லாத களத்தை எடுத்தார். மதகுக் கட்டையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த பெரியவர் ஒருவரை வெகுநேரம் எடுத்தார். அரங்கில் அந்தக் காட்சி வந்தபோது எனக்குப் பின்னால் யாரோ, வாழ்க்கையிடம் தோற்ற முகம் என்று கிசுகிசுத்தார்கள். தோற்ற முகமாம், மண்ணாங்கட்டி! லாரி வருகிறதா என்று பார்க்கத் தெரு அவரைக் காவல் போட்டிருந்தது. சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் கண்ணை மூடியிருந்தார்.

மறுநாள் காலை டைரக்டர் அத்தையைத் தேடி வந்தார். வயலில் இறங்கி ஒரு பிடி கதிர் அறுத்துக் காட்ட வேண்டுமாம். அறுக்கத் தெரிந்தவர்கள் தெருவில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஏன் அத்தை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இலையில் சோறு போட்டவர்கள் காதில் போட்ட யோசனை அது என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்பா அப்போது சங்க ஆபீசுக்கு மன்னார்குடி போயிருந்தார்.

அம்மா வேண்டாம் என்று தடுத்தாள். "அவரு வந்து கேட்டா என்னா சொல்லுவே?"

"அட போங்க அண்ணி. இது என்னா நெசமாவா? குலவை கெடையாது, சாமிக்கு வைக்கப் போறதில்ல. சினிமாவுக்கு அறுத்தா அறுப்பா?" என்றாள் அத்தை.

டைரக்டரும், "படத்துக்குத்தாம்மா, ஒரே ஒரு பிடி போதும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்து செய்திருந்தால்கூட நான் இவ்வளவு நாள் அவரைத் திட்டியிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது.

அத்தை பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கருக்கரிவாளைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பழக்கம், கிழக்கே பார்த்துத்தான் நின்றாள். ஒரு பிடி அறுத்து நிமிர்ந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காம இன்னொரு தடவை" என்றார் டைரக்டர். இன்னொரு பிடி அறுத்தாள். நான் வரப்பில் நின்று பெருமையில் பூரித்துப் போனேன். எங்கள் குடும்பத்திலிருந்து ஒருத்தி சினிமாவில் வருகிறாள்!

காரியக்காரரும் வரப்பில் நின்றிருந்தார். அத்தை கீழே போட்ட பிடியைக் குனிந்து எடுத்து, துண்டில் சுற்றி, சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார்.

வெயில் ஏறும்போது லாரி வந்தது, பின்னாலேயே போலீஸ் வேன். பெரியவர் மதகில் கூச்சல் போட, தெரு முழுக்க ஓடிப் போய் மறித்தது. அப்பாவும் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார். முன்பு கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். காரியக்காரர் துண்டைப் பிரித்துக் கதிர்ப் பிடியைத் தூக்கிக் காட்டினார்.

"ஒங்க ஊரு கை வச்சாச்சு. ஒந்தங்கச்சி அறுத்த முதல் பிடி இது. இல்லேன்னு சொல்லச் சொல்லு பாப்போம்."

அப்பா திரும்பி அத்தையைப் பார்த்தார். நல்ல சேலையைக்கூட அவள் இன்னும் மாற்றியிருக்கவில்லை. "அது படத்துக்குண்ணே, சும்மா" என்றாள். லாரிக்காரர்களில் வயதான ஒருவர் அப்பாவிடம், "நாங்க என்னா பண்றது தம்பி, எங்களுக்கும் புள்ள குட்டி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். போலீஸ்காரர்கள் தடியை நீட்டித் தெருவை ஓரமாகத் தள்ளினார்கள். எனக்கு அப்போது என்ன தெரியும்? அரிவாளோடு இறங்கிய அத்தனை பேரும் படத்தில் நடிக்க வந்தவர்கள் என்று எண்ணி, அவர்களுக்கு வழி காட்டிக்கொண்டே கூட ஓடினேன்.

வயல் இரண்டே நாளில் மொட்டையாயிற்று. தெரு பழைய கூலிக்கே களத்து வேலைக்குத் தலை குனிந்து போயிற்று. அப்பா அத்தையிடம், "என் வாக்க வித்துட்டியே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அவளிடம் எந்த வார்த்தையும் சொல்லவில்லை. தெருவும் பேசவில்லை. கைபம்பில் அத்தை குடத்தை வைத்தால் மற்ற பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். அம்மா அவளுக்குக் கஞ்சியை ஊற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

டைரக்டர் இதையெல்லாம் விடாமல் எடுத்தார். அவருக்கு வேண்டியது தானாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. படத்தின் கடைசிக் காட்சி இதுதான். அத்தை வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பெண்கள் அவளைப் பார்க்காமல் கடந்து போகிறார்கள். பின்னால் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண், வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தலையைத் திருப்பாமல், ரொம்ப அக்கறையாக நடந்து போகிறாள். அரங்கில் கை தட்டினார்கள். அந்தப் பெண் நான்தான். மகளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

என்னை யாரும் பேசாதே என்று சொல்லவில்லை. டைரக்டர் வீடு வீடாகச் சொன்னாரே, யாரும் பேசக் கூடாது என்று, அதைத்தான் தெரு செய்கிறது என்று நினைத்தேன். பெரியவர்களெல்லாம் இவ்வளவு நன்றாக நடிக்கிறார்களே, நான் மட்டும் கெடுத்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ராத்திரி அத்தை பக்கத்தில் படுத்தபோதும் பேசவில்லை. அவள் தலையைத் தடவினாள். தூங்குகிற மாதிரி நடித்தேன்.

வேன் கிளம்பிப் போன அன்று மதகு வரைக்கும் பின்னாலேயே ஓடி, அது ரோட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தேன். அத்தை தன் சேலைகளை ஒரு துணிப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் கும்பகோணம் போய், ஒரு பாத்திர வியாபாரி வீட்டில் வேலைக்கு நின்றாள். அப்பா சாவுக்குக்கூட அவளுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது வேன் போன விஷயம் மட்டும்தான்.

"அத்தை, வேன் போயிட்டுது! இனிமே பேசலாம்!" என்று கத்தினேன்.

அத்தை பையைக் கீழே வைத்தாள். "அதான் பேசாம இருந்தியா நீ?"

"ஆமா. சார் சொன்னாருல்ல. நான் ஒருவாட்டி கூடப் பேசலியே, பாத்தியா?"

அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டாள்.

"நீதாண்டி கண்ணு நல்லா நடிச்சே. இந்தத் தெருவுல வேற ஒருத்தருக்கும் நடிக்கத் தெரியல."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம், நான்தான் எல்லோரையும் விட நன்றாக நடித்தேனாம், அத்தையே சொன்னாள் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை, அடுப்பைத்தான் ஊதினாள். வேன் போய்விட்டது அம்மாவுக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.