கடலைப் பார்த்த இரண்டு குழாய்கள்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றியது. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு டேப்ரெகார்டரை வைத்தோம். ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வது என் தொழில். பேச்சின் நடுவே எழுந்த நீண்ட உறுமலை இரைச்சல் என்று அழிக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்தார்.

"அதுல கை வைக்காதம்மா. அது கப்பல்."

அப்பா மைக் செட்காரர். துறைமுகத் தொழிலாளர் சங்கக் கூட்டங்களுக்கெல்லாம் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்கள்தான். எல்லார் பேச்சையும் பதிவு செய்வார்; தான் ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. "பொண்டாட்டி பேசினா மட்டும் இவருக்கு வால்யூம் குறைஞ்சிடும்" என்பாள் அம்மா.

நான் பள்ளியில் படித்தபோது இங்கே பெரிய வேலைநிறுத்தம். நிர்வாகம் வெளியாட்களை வைத்து ஏற்றி அனுப்பிய சரக்கை, பகை நாட்டுத் துறைமுகத் தொழிலாளர்கள் இறக்க மறுத்துவிட்டார்கள். அங்கே கிரேன் ஓட்டும் பெண் ஒருவர் ஆதரவு சொல்லக் கப்பலில் வந்தார். கரையிறங்க அவருக்கு மட்டும் அனுமதி. கூட வந்தவர்கள் கப்பலிலேயே இருந்தார்கள்.

அவர் மேடையேறியதும் கூட்டத்தில் முணுமுணுப்பு. பிள்ளைகளை எல்லைக் காவலுக்கு அனுப்பியிருந்தவர்கள் பலர். போதாக்குறைக்கு மைக் வீறிட்டது. மேடையைப் பார்த்திருந்த இரண்டு குழாய்களை அப்பா அவசரமாகத் திருப்பினார். திருப்பியது கடல் பக்கம். காற்றுக்கா கூட்டம் நடத்துகிறோம் என்று கேட்கச் சங்கச் செயலாளர் எழுந்து வந்தார்.

அந்தப் பெண் தன் மொழியில் ஒரு வரி சொன்னார். மொழிபெயர்ப்பவர் வாய் திறப்பதற்குள், அதற்குப் பதிலாக அவர் வந்த கப்பலின் சங்கு முழங்கியது. கூட்டம் அடங்கிவிட்டது. அப்புறம்தான் எங்கள் மொழியில் வந்தது: "உங்க வீட்டு அடுப்ப அணைக்கிற வேலைக்கு எங்க கை வராது."

முதலில் கைதட்டியவர், அதிகம் முணுமுணுத்த ஒரு மேஸ்திரி. செயலாளர் அப்பாவிடம், "குழாய் அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வேலைநிறுத்தம் வென்றது. சங்கம் நிலைத்தது, அப்பாவுக்கு வேலை இருந்தது, நான் படித்தேன். முகம் தெரியாதவர்கள் தங்கள் கூலியை விட்டுக்கொடுத்ததால் வந்த படிப்பு இது. அதை அப்பா என்னை மறக்கவிட்டதில்லை.

புறப்படும்போது அந்தப் பெண் பேச்சின் பிரதி ஒன்று கேட்டார். அடுத்த கப்பலில் அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். அதற்குள் இரு நாட்டுக்கும் இடையே போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கியது இந்த மாதம்தான். செய்தி கேட்டவுடன் அப்பா பரணில் ஏறிக் கேசட்டைத் தேடினார்.

பதிவு முடிந்த மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

கேசட்டின் தொடக்கத்தில், "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அவர் குரல் இருக்கிறது. வெட்டிவிடச் சொல்லியிருந்தார். அம்மாவைக் கேட்டேன்.

"இருக்கட்டும்டி. கேக்க வெச்ச ஆளு யாருன்னு அவங்களுக்கும் தெரியணும்ல."

பேச்சை ஏற்றிய பென்டிரைவ் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை அந்த நாட்டுக் கப்பல் வருகிறது. துறைமுக வாசலில் ஒரு மாலுமியைப் பிடித்து, கிரேன் ஓட்டிய அந்த அக்காவிடம் சேர்க்கச் சொல்ல வேண்டும்.