பால்கோவாவோடு காத்திருந்தேன்

என் கணவரும் மகளும் ஒரு குழுவோடு குற்றாலத்திலிருந்து மதுரைக்கு மூன்று நாள் சைக்கிள் பயணம் போனார்கள். பாரம் குறையட்டும் என்று தண்ணீர், உப்புக் கரைசல், செல்போன் எல்லாவற்றையும் என் காரில் போட்டுவிட்டார்கள். பின்னாலேயே போவதுதான் என் வேலை.

இரண்டாம் நாள் இராஜபாளையம் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்தது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர். நம் ஊருக்கு வருகிறவர்களைச் சும்மா அனுப்பலாமா? எல்லோரையும் முந்திப் போய்ச் சூடான பால்கோவா வாங்கிக் காத்திருந்தேன்.

வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "யம்மா, அப்பா எங்க? ஒங்கூட கார்ல வரலியா?"

காரைத் திருப்பினேன். வழியில் ஒரு வேப்பமரத்தடியில், கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாருக்கும் பால்கோவா பத்துச்சா?"

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. உண்மையாகவே கேட்டார்.

இப்போதெல்லாம் கடைசி சைக்கிளுக்கும் பின்னால்தான் என் கார் போகிறது. போன் அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. பால்கோவாவை, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, அவர்தான் போய் வாங்கி வருகிறார்.