கூடைப்பந்துக்காரரின் முழங்கால்

எங்கள் பீங்கான் கம்பெனிக்கு டீக் கோப்பை வாங்க வந்தவர், வாசல் நிலை இடிக்காமலிருக்கத் தலை குனிந்தே நுழைந்தார். சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடுபவராம். பேசும்போதெல்லாம் கை வலது முழங்காலுக்கே போனது. நான் சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏங்க தட்டுறீங்க?”

“உள்ள விரிசல் இருந்தா சத்தம் மந்தமா வரும்ங்க.”

மந்தமாக ஒலித்த ஒன்றை உடைசல் குவியலில் எறிந்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முட்டி வலிங்களா? டாக்டர்கிட்ட காட்டலாமே?” என்றேன்.

“வூட்ல அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் ஆடுனவங்க. வலிக்குதுன்னா, ‘எங்களுக்கு வலிக்கலையா’ன்னு கேக்குறாங்க. டீமுல சொன்னா தூக்கிடுவாங்க. நாளைக்கு மேட்சு இருக்குது.”

நான் அடுத்த கோப்பையை எடுத்துத் தட்டினேன். கோப்பைகளை வாங்கிக்கொண்டு நொண்டாமல் நடந்து போனார். கேட்டைத் தாண்டி, யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்த இடத்தில், மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.