ரேடியோ அம்மாளுக்கு முள்ளங்கி அல்வா

டெலிவிஷனில் ஓர் அம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் நின்று, "இப்போ பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். என் மனைவி சிரிப்பாள். என் வயிற்றைப் புரட்டுவது அந்த அம்மாள் அல்ல. அறுபதுகளில் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு ரேடியோவில் முகமே காட்டாமல் சமைத்த இன்னொரு அம்மாள்.

அப்போது எனக்கு காந்தி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதும் வேலை. விடியற்காலையில் போனால் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். நான் இலைக்கு முன்னால் உட்காருவதும் ரேடியோவில் பெண்கள் நிகழ்ச்சி தொடங்குவதும் ஒன்றாகவே நடக்கும். "அன்புச் சகோதரிகளே" என்று அந்தக் குரல் கூப்பிடும். வெல்லப்பாகில் கையை விட்டதுபோல எனக்கு உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அந்த அம்மாள் மக்காச்சோளத்தில் இட்லி, மரவள்ளிக்கிழங்கில் பொங்கல் என்று எங்கள் காதுக்குள் சமைத்துத் தள்ளினார். எல்லாவற்றுக்கும் "உப்பு தேவையான அளவு". தேவையான அளவு தெரிந்தவள் உன்னை எதற்கம்மா கேட்கிறாள்?

என் மனைவி மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, சொந்த அக்கா பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் ரசத்தைக் கலக்கியபடி அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டுவேன். மண்டியிலும் பேசிக் காட்டுவேன். மூட்டை தூக்குகிறவர்கள்கூட வந்து, "சார், இன்னிக்கு அந்தம்மா என்ன சொல்லுச்சு?" என்று கேட்பார்கள்.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா காலமாகிவிட்டதால் பொறுப்பு என் தலையில். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, காபி குடித்து, "கலந்துக்கிட்டு சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனவர்கள்தான். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அவர்கள் போன பிறகு தங்கை பட்டுப்புடவையை அவிழ்த்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மடித்து வைப்பாள். அந்த மடிப்பை நீவுவதற்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரு நாள் தரகர் வந்தார். அதற்கு முந்தின வாரம்தான் ரேடியோவில் முள்ளங்கி அல்வா. மனுஷன் முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாரே, கொஞ்சம் சிரிக்க வைப்போம் என்று நான் ஆரம்பித்தேன். "துருவிய முள்ளங்கியைப் பாலில் வேகவிடுங்கள், சகோதரிகளே. ஏலக்காய் தூவிவிட்டால் முள்ளங்கி என்று உங்கள் வீட்டுக்காரரால் கண்டுபிடிக்கவே முடியாது!" கழுத்தைக்கூட ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டேன்.

தரகர் சிரிக்கவில்லை.

"பையனுக்கு அரியமங்கலத்துல பட்டறையில சூப்பர்வைசர் வேலைங்க. ஒரே பையன். குணம் தங்கம். அவங்க அம்மா யாருன்னு கேக்கவே இல்லியே நீங்க?"

"யாருங்க?"

"இப்ப நீங்க பேசினீங்களே, அவங்கதாங்க."

"இன்னும் ரெண்டு முறுக்கு எடுத்துக்குங்க" என்று தட்டோடு அவர் மடியில் வைத்தேன். மண்டியில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்முன் வந்தார்கள். அவர்களில் எவன் அரியமங்கலத்தில் குடியிருக்கிறான், எவனுடைய மச்சான் பட்டறையில் வேலை செய்கிறான் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

பயம் வந்தால் சும்மா இருப்பவன் புத்திசாலி. நான் திட்டம் போட்டேன்.

"இந்தத் தடவை கேசரி வேணாம். முள்ளங்கி அல்வா" என்றேன் மனைவியிடம்.

"என்னங்க, ஜுரம் ஏதாச்சும் அடிக்குதா?"

"அவங்க சொன்னதையே அவங்களுக்குச் செஞ்சு வெச்சா உச்சி குளிர்ந்து போயிடாது?"

"அந்தம்மா சொல்றது கேக்கறதுக்குங்க, செய்யறதுக்கு இல்ல. இந்த ஊர்ல எந்தப் பொம்பளையாச்சும் அதைச் செஞ்சிருப்பான்னு நினைக்கறீங்களா?"

"செய்யாததை எதுக்கு தினம் கேக்கற?"

"மத்தியானத்துல ஒருத்தர் எங்கிட்ட அன்பா பேசினா கேக்கக் கூடாதா?"

நான் சத்தம் போட்டேன். தங்கை கதவோரமாக வந்து நின்று, "அண்ணே, கேசரியே இருக்கட்டுமே" என்றாள். "உனக்காகத்தான் எல்லாம்" என்று அவளையும் அடக்கினேன். மனைவி கரண்டியை என் கையில் கொடுத்து, "அப்ப நீங்களே கிண்டுங்க" என்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் அந்த அல்வாவை ஒரு வரி பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அத்தனை தடவை கிண்டல் செய்திருந்தேனே! மண்டியிலேயே பொறுக்கியெடுத்து வந்த வெள்ளை முள்ளங்கியைத் துருவிப் பாலில் போட்டேன். பால் திரிந்தது. அதோடு ஒரு வாடை கிளம்பியது. மழைக்காலத்தில் மார்க்கெட்டின் பின்பக்கம் அழுகிக் கிடக்கும் கோஸ் மூட்டையைக் காலால் புரட்டினால் ஒன்று வருமே, அதுதான். சர்க்கரையைக் கொட்டினேன். வாடை போகவில்லை, இனித்தது. அதுதான் தாங்கவில்லை. நாற்றம் நாற்றமாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம். இது உபசாரம் செய்துகொண்டு உள்ளே வந்தது. ஏலக்காயை டப்பாவோடு கவிழ்த்தேன். ஈரச் சுண்ணாம்பு நிறத்தில் என்னவோ ஒன்று வாணலியில் கொப்பளித்து என் முழங்கையில் தெறித்தது.

எதிர்வீட்டுக்காரர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வந்தார். "சாக்கடை ஏதாவது அடைச்சிருக்குங்களா? முனிசிபாலிட்டியில சொல்லட்டுமா?"

நான் அவசர அவசரமாக வீடு முழுக்க சாம்பிராணி போட்டேன். பிள்ளை வீட்டார் வந்தபோது கூடத்தில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. பையனின் அப்பா இருமிக்கொண்டே தரகரிடம், "வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்பது காதில் விழுந்தது. பின்னால் வந்த அம்மாள் ஒல்லியாக, குட்டையாக இருந்தார். நான் கற்பனை செய்து வைத்திருந்த பெரிய உடம்பு இல்லை. வாயைத் திறந்து "வணக்கங்க" என்றார். அதே பாகு. எனக்குப் பழக்கதோஷத்தில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. பலங்கொண்ட மட்டும் நிமிர்த்திக்கொண்டேன்.

தங்கை வந்து வணங்கி உட்கார்ந்தாள். நான் முதல் கிண்ணத்தை அம்மாளிடம் நீட்டினேன்.

"இது என்னங்க?"

"உங்க அல்வாங்க."

"என் அல்வாவா?"

"ரேடியோவுல சொன்னீங்களே. முள்ளங்கி."

எதுவும் புரியாமல் ஒரு கரண்டி வாயில் வைத்தார். அந்த முகம் சுருங்கியதைச் சொல்ல வேண்டுமானால் நானும் அந்த அல்வாவைத் தின்ன வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். கொப்பளித்துவிட்டு வந்தபோது குரலில் பாகு ஒரு துளிகூட இல்லை.

"அடக் கடவுளே! இதை யாராச்சும் செய்வாங்களா?"

மாப்பிள்ளைப் பையன் தன் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூர வைத்தான். "ஏம்மா, நீதானே ஊருக்கெல்லாம் சொன்னே?"

"தினம் ஒண்ணு புதுசா சொல்லணுமேடா. நான் எங்க செஞ்சு பாத்தேன்?"

நான் தரையைப் பார்த்தேன். தங்கையின் கல்யாணம் என் கண்ணெதிரே வாணலியில் திரிந்து போய்விட்டது. அப்போது பையன் தங்கையை நேராகப் பார்த்து, "நீங்க செஞ்சதாங்க?" என்று கேட்டான்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அதிகம் பேசக் கூடாது. தங்கை தலை நிமிர்ந்து, "இல்லீங்க, அண்ணன் செஞ்சது. நான் கேசரிதான் சொன்னேன்" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டு வழியாக என் மனைவி கேசரிப் பாத்திரத்தோடு வந்தாள். பக்கத்து வீட்டு அடுப்பில் கிண்டியது. எல்லோரும் சாப்பிட்டார்கள். அம்மாள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது, "அண்ணனை மட்டும் அடுப்புப் பக்கம் விடாதீங்க" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "நாள் பாத்து சொல்லி அனுப்புறோம்" என்றார்.

மறுபடியும் சொல்லி அனுப்புகிறார்களாம்! மனைவி, "நாள் பாத்துன்னு சொன்னாங்கல்ல" என்றாள். எனக்குக் கேட்டதெல்லாம் அந்தச் "சொல்லி அனுப்புறோம்"தான். தங்கை புடவையை மடிக்கும்போது நான் வாசலில் நின்றேன்.

அதற்கடுத்த வாரம் நான் சோற்றில் கை வைத்தேன், குரல் வந்தது.

"அன்புச் சகோதரிகளே! நான் சொன்ன முள்ளங்கி அல்வாவை ஸ்ரீரங்கத்துச் சகோதரி ஒருவர் ஆர்வத்தோடு செய்து பார்த்தார். வீட்டுக்கு வந்த விருந்தினர்கள் மறக்கவே முடியவில்லை என்கிறார்கள். நீங்களும் செய்து பாருங்கள்."

சகோதரி! எச்சில் கையோடு எழுந்து குமிழைப் பிடித்தேன்.

"அணைச்சிராதீங்க. இன்னும் நாள் குறிச்சுச் சொல்லல" என்றாள் மனைவி. தங்கை உள்ளேயிருந்து வந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தப் புடவையை மடித்தவளா இவள்?

தரகர் முகூர்த்த நாளோடு வந்தது வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் பூசணி விதை வடை, பீட்ரூட் மோர்க்குழம்பு, கொய்யாக்காய் துவையல் அத்தனையையும் வாயைத் திறக்காமல் கேட்டேன். சோறுதான் இறங்கவில்லை.